கிருனா நகரம் இடம் மாறியபோது மக்களிடம் என்ன கேட்டார்கள்? நகரத் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு, எளிய விளக்கம்

2025 ஆகஸ்ட் 19ஆம் தேதி, ஸ்வீடனின் வடகோடியில் இருக்கும் கிருனா என்ற ஊரில், 1912இல் கட்டிய ஒரு மரத் தேவாலயத்தை அப்படியே முழுசாகத் தூக்கி வண்டியில் வைத்து நகர்த்தத் தொடங்கினார்கள். எடை 672 டன். தூரம் சுமார் 5 கிலோமீட்டர். நாம் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஊர்ந்து, மறுநாள் அது புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்திலுள்ள இரும்புச் சுரங்கத்தால் ஊருக்கு அடியிலுள்ள தரையில் விரிசல் விழுவதால், ஊரின் ஒரு பகுதியே இப்படி இடம் மாறுகிறது.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். “ஊரே ஒன்றுகூடி முடிவெடுத்து நகர்கிறது, எவ்வளவு ஜனநாயகம்!” என்றது ஒரு தரப்பு. “சுரங்க கம்பெனி ஊரை விரட்டிவிட்டது, மக்களிடம் யார் கேட்டார்கள்?” என்றது இன்னொரு தரப்பு. இரண்டுமே பாதி உண்மைதான். இந்தக் குழப்பத்துக்குக் காரணம், ‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல்லை நாம் எல்லோரும் மிகத் தளர்வாகப் பயன்படுத்துவதுதான். ஒரு அறிவிப்புப் பலகை, ஒரு கூட்டம், ஒரு வாக்கெடுப்பு என எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில் அழைக்கிறோம். அதன் உண்மையான பொருளை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சமையல் மேடையிலிருந்து தொடங்கலாம்

வீடு கட்டுகிறோம். சமையலறை மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்று மேஸ்திரிக்கு ஒரு கணக்கு உண்டு. எல்லா வீட்டிலும் போடுகிற உயரம். ஆனால் அந்த மேடையில் இருபது வருஷம் நின்று சமைக்கப்போகிற அம்மா குள்ளமானவர். அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்து, முழங்கைக்குக் கீழே எங்கே வருகிறது என்று சுவரில் கரிக்கோடு போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அதைச் செய்யாமல் மேடையைக் கட்டிவிட்டால், அம்மாவுக்கு ஆயுளுக்கும் தோள்வலி.

இப்போது மூன்று வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கேட்கிறார்கள். இரண்டாவது வீட்டில் கிரானைட் பதித்து முடித்துவிட்டு, “உயரம் சரியா இருக்காம்மா?” என்று கேட்கிறார்கள். மூன்றாவது வீட்டில் முன்னாலேயே கேட்டு, தலையாட்டிக் குறித்தும் கொள்கிறார்கள். ஆனால் மேஸ்திரி தன் கணக்குப்படியே கட்டிவிடுகிறார், ஏன் என்று யாரும் சொல்வதில்லை.

மூன்று வீட்டிலும் கேட்டார்கள். முதல் வீட்டில் மட்டும்தான் கேட்டதற்குப் பலன் இருந்தது. கேட்கும் நேரத்தில் எது இன்னும் முடிவாகாமல் இருந்தது, சொன்னதற்குப் பதில் வந்ததா என்ற இரண்டு கேள்விகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இவை திரும்ப வரும்.

ஒரு ஊரில் எந்த நிலத்தில் என்ன வரலாம், சாலை எங்கே போகும், கட்டிடம் எவ்வளவு உயரலாம் என்பதை முன்கூட்டித் தீர்மானிப்பதுதான் நகரத் திட்டமிடல். இன்றைய தேவைக்காக நாளை வருபவர்களின் பங்கைத் தின்றுவிடாமல் அதைச் செய்வது நீடித்த நகரத் திட்டமிடல். இந்தக் கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியது 1987இல் வந்த ஐ.நா. ஆணையத்தின் அறிக்கை. அந்த ஆணையத்தின் தலைவர் நார்வேயின் பிரதமர் குரோ ஹார்லெம் புருன்ட்லாண்ட். அவரும் வடதேசத்துக்காரர்தான். இந்தத் திட்டத்தில் அங்கே வாழ்பவர்களின் சொல்லுக்கு எவ்வளவு எடை கிடைக்கிறது என்பதே மக்கள் பங்கேற்பு.

கேட்காமல் கட்டிய ஒரு கட்டிடம்

கிரீன்லாந்தின் தலைநகரம் நூக். 1960களின் நடுவில் அங்கே ‘பிளாக் பி’ என்று ஒரு நீண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. அப்போது கிரீன்லாந்தை நிர்வகித்த டென்மார்க் அரசு, சின்னச் சின்னக் கடற்கரைக் குடியிருப்புகளிலிருந்து மக்களை நகரங்களுக்குக் கொண்டுவர நினைத்தது. பள்ளி, மருத்துவமனை, மின்சாரம் எல்லாம் ஒரே இடத்தில் கொடுக்கலாம் என்பது கணக்கு. ஒரு காலத்தில் கிரீன்லாந்து மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம் பேர் அந்த ஒரே கட்டிடத்தில் குடியிருந்தார்கள்.

ஆனால் அது ஐரோப்பிய நகரவாசிக்காக வரைந்த வீடு. வந்து குடியேறியவர்களோ மீன்பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும். தடித்த குளிர்கால உடையைப் போட்டுக்கொண்டு நுழைய முடியாத அளவுக்குக் கதவுகள் குறுகலாக இருந்தன. அலமாரியில் மீன்பிடிச் சாமான்கள் அடங்கவில்லை. பிடித்து வந்ததை அறுத்துச் சுத்தம் செய்ய வேறு இடம் இல்லாததால் குளியல் தொட்டியில் செய்தார்கள். ரத்தம் உறைந்து வடிகால் குழாய் அடைத்துக்கொண்டது. சாமான்களை பால்கனியில் குவித்துவைத்ததில் அவசர வழி மறைந்துபோனது. 2012இல் கட்டிடத்தை இடித்தார்கள்.

அந்தப் பொறியாளர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கான்கிரீட்டும் குழாயும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடலிலிருந்து வீடு திரும்புகிறவன் கையில் என்ன இருக்கும் என்பதுதான் தெரியாது. அது அங்கே வாழ்கிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். இதை அனுபவ அறிவு என்பார்கள்: ஒரு இடத்தில் தினமும் புழங்குவதால் மட்டும் கிடைக்கிற அறிவு. மக்கள் பங்கேற்பை மரியாதைக்காகச் செய்யும் சடங்காக நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். கேட்காவிட்டால் மனம் புண்படுவது ஒரு பக்கம் இருக்கட்டும், குழாயும் அடைத்துக்கொள்ளும்.

வடக்கே போகப் போக இது ஏன் கூடுகிறது

கிருனா ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து புத்தாண்டு வரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. வருஷத்தில் பாதிக்கு மேல் பனி. இப்படிப்பட்ட ஊரில் திட்ட வரைபடத்தில் பச்சையாகத் தெரிகிற புல்வெளி, ஏழு மாதம் பனிக்கு அடியில் கிடக்கும். சாலையிலிருந்து அள்ளுகிற பனியை எங்கே கொட்டுவது? கொட்டிய குவியல் நடைபாதையை மறைத்தால் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவள் எந்த வழியாகப் போவாள்? எந்தத் தெருமுனையில் காற்று ஊசி மாதிரி குத்தும்? கோடைகாலப் புகைப்படத்தை வைத்து வரைகிறவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றாது. பிப்ரவரியில் அந்தத் தெருவில் நடந்தவருக்குத்தான் தோன்றும்.

பழைய கிருனாவை 1900இல் வடிவமைத்தபோதே இதை யோசித்தார்கள். சுரங்கத்தின் முதல் மேலாளர் யால்மர் லுண்ட்போம், நகரத் திட்டக்காரர் பெர் ஊலோஃப் ஹால்மன் இருவரும் சேர்ந்து ஊரை ஒரு மலைச்சரிவில் அமைத்தார்கள். குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். சரிவில் இருக்கும் ஊரில் அது தங்காமல் கீழே வழிந்துவிடும். தெருக்களை நேர்க்கோட்டில் போடாமல் வளைத்து வளைத்துப் போட்டார்கள். காற்று ஒரே ஓட்டமாக ஊரைக் கடந்து வீசாமலிருக்க அந்த வளைவுகள் உதவின. சுமார் 3 கிலோமீட்டர் கிழக்கே இப்போது எழுந்திருக்கிற புது மையம் அதைவிடத் தாழ்வான நிலத்தில் இருக்கிறது. அங்கே குளிர் அதிகம் என்பது ஊர்க்காரர்களின் பெரிய மனக்குறை.

அனுபவ அறிவில் இன்னொரு வகையும் உண்டு. ஸ்வீடனின் வடபகுதியில் ஊமியோ என்று ஒரு பல்கலைக்கழக நகரம். இருட்டு மாதங்களில் ரயில்பாதைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதையில் நடக்கப் பெண்கள் அஞ்சுவது எங்கும் இருக்கிற பிரச்சினைதான். அங்கே 2012இல் ‘லெவ்’ என்ற சுரங்கப்பாதையைத் திறந்தபோது, வாயை அகலமாக வைத்து, மூலைகளை வளைத்து, உள்ளே வெளிச்சம் தாராளமாக வருமாறு கட்டினார்கள். மறுமுனையில் யார் வருகிறார்கள் என்பது தூரத்திலேயே தெரியும், ஒளிந்து நிற்க மூலை கிடையாது. ‘லெவ்’ என்றால் ‘வாழு’ என்று பொருள். அதே ஊரில் பதின்ம வயதுப் பெண்களிடம் பேசி, ‘ஃப்ரீசோன்’ என்ற ஊஞ்சல் இருக்கைகளைப் பூங்காவில் அமைத்தார்கள். விளையாட்டுத் திடலும் ஸ்கேட் மைதானமும் பெரும்பாலும் பையன்கள் கைக்குப் போய்விடும் என்பதால், பெண்கள் சும்மா உட்கார்ந்து பேச ஒரு இடம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பங்கேற்பு என்பது திட்டத்துக்குள் அனுபவ அறிவைக் கொண்டுவரும் வழி. குளிரும் இருட்டும் கூடுகிற ஊரில், அந்த அறிவு இல்லாத திட்டம் செய்கிற தவறின் விலையும் கூடும்.

கிருனாவில் உண்மையில் என்ன நடந்தது

கிருனாவின் இரும்புத் தாது ஒரு சாய்ந்த பலகை மாதிரி பூமிக்குள் இறங்குகிறது, அதுவும் ஊரின் பக்கமாகச் சாய்ந்து. அடியிலிருந்து தாதுவை வெடிவைத்து எடுக்க எடுக்க, மேலே இருக்கிற பாறை உடைந்து அந்த வெற்றிடத்தில் விழும். விரிசல் மேல்நோக்கி ஏறி, ஊர் நிற்கிற தரைக்கு வந்துவிடும். சுரங்கத்தில் வெடிவைப்பது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். படுக்கையில் லேசாக ஒரு அதிர்வு வரும், ஊர்க்காரர்கள் புரண்டு படுத்துக்கொள்வார்கள்.

சுரங்கத்தை நடத்துவது எல்.கே.ஏ.பி. என்ற அரசு நிறுவனம். அது 2004இல் நகராட்சிக்கு எழுதியது: தொடர்ந்து தோண்டினால் நகர மையம் பாதிக்கப்படும், ஊர் இடம் மாற வேண்டியிருக்கும். இங்கேதான் நம் முதல் கேள்வியைப் போட வேண்டும். அந்தக் கடிதம் வந்த நாளில் எது இன்னும் முடிவாகாமல் இருந்தது?

‘சுரங்கமா, ஊரா’ என்பது மக்கள் முன் வைத்த கேள்வியாக இருக்கவில்லை. சுரங்கம் நின்றால் ஊருக்குப் பிழைப்பும் இல்லை என்பதால் பெரும்பாலோர் அதைக் கேட்கவும் இல்லை. எங்கே போவது என்பதில் பேச்சுக்கு இடம் இருந்தது. முதலில் வடமேற்குப் பக்கம் பார்த்தார்கள், பிறகு கிழக்கு என்று முடிவானது. எப்படிப்பட்ட ஊர் என்பதில் இடம் இன்னும் கொஞ்சம் அதிகம். புது மையத்துக்கான வடிவமைப்புப் போட்டியில் 2013இல் வைட் என்ற கட்டிடக்கலை நிறுவனத்தின் திட்டம் வென்றது. புது நகர மன்றக் கட்டிடம் 2018இலும், புது மையம் 2022 செப்டம்பரிலும் திறக்கப்பட்டன.

எதைக் கூடவே எடுத்துப்போவது என்பதுதான் மக்கள் மனசு விட்டுப் பேசிய விஷயம். மைத்தொட்டி வடிவத்தில் இருந்ததால் ‘மைக்கூடு’ என்று செல்லப்பெயர் வாங்கிய பழைய தொழிலாளர் வீடுகள் சில நகர்ந்தன. தேவாலயம் நகர்ந்தது. 1963இல் திறந்த பழைய நகர மன்றம் நகரவில்லை. அதன் பெரிய கூடத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், அதை ‘கிருனாவின் வரவேற்பறை’ என்றே சொல்வார்கள். அந்தக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். அதன் உச்சியில் இருந்த மணிக்கூண்டு மட்டும் புது மன்றத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அந்தக் கூண்டின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், இடித்த வீட்டின் வாசற்கதவை மட்டும் புது வீட்டுக்குக் கொண்டுபோகிற நம் பெரியவர்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

ஸ்வீடனில் திட்டமிடும் அதிகாரம் நகராட்சியிடம் இருக்கிறது. ஒரு பகுதிக்கான விரிவான திட்டத்தை, அதாவது எந்த மனையில் என்ன கட்டலாம் என்று சட்டபூர்வமாகக் கட்டுப்படுத்தும் திட்டத்தை, அது நினைத்தபடி அறிவித்துவிட முடியாது. முதலில் வரைவைக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு ‘சாம்ரோட்’ என்று பெயர், சேர்ந்து ஆலோசிப்பது என்று அர்த்தம். நில உரிமையாளர், வாடகைக்குக் குடியிருப்பவர் உள்ளிட்ட சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இதில் பேசலாம்.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வந்த கருத்துகளையும், அவற்றுக்கு நகராட்சியின் பதிலையும் ஒரு அறிக்கையாக எழுதியாக வேண்டும். ‘உங்கள் கருத்து பரிசீலிக்கப்படும்’ என்ற ஒரு வரியோடு கதையை முடிக்க வழியில்லை. ஏற்றார்களா, இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் வரும். அப்புறம் திருத்திய திட்டத்தை மறுபடியும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வழக்கமான நடைமுறையில் குறைந்தது 2 வாரம். அந்தக் காலம் முடிவதற்குள் எழுத்தில் கருத்துச் சொல்லி, அது ஏற்கப்படாமல் போன சம்பந்தப்பட்டவர், நகராட்சி திட்டத்தை அங்கீகரித்த பிறகு நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றத்துக்குப் போகலாம். முறையீட்டுக்கு 3 வாரம் அவகாசம். எழுதிக் கொடுக்காமல் டீக்கடையில் மட்டும் திட்டித் தீர்த்தவருக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

சரி, இவ்வளவு இருந்தும் கிருனாவில் ஏன் மனக்குறை? சட்டம் கேட்கச் சொல்வது திட்டத்தைப் பற்றி. சுரங்கம் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது, தாது தேசத்துக்கு முக்கியமானது என்ற அந்தஸ்தும் அதற்கு உண்டு. வீட்டுக்காரர்களுக்குச் சந்தை விலையும் அதற்கு மேல் 25 சதவீதமும், அல்லது பதிலுக்கு ஒரு புது வீடு என்று நிறுவனம் கொடுத்தது. வாடகைக்கு இருந்தவர்களின் கதை வேறு. புதுக் கட்டிடத்தில் வாடகை கூடுதல். படிப்படியாக ஏற்றினாலும் கூடுதல் கூடுதல்தான். திட்டக் கூட்டத்தில் தெருவிளக்கைப் பற்றிப் பேசலாம். ராத்தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வியோ அந்த வாடகை.

ஏணியில் எந்தப் படி?

ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கத் திட்ட வல்லுநர் 1969இல் இதற்கு ஒரு எளிய படம் வரைந்தார்: எட்டுப் படி உள்ள ஏணி. கீழ் இரண்டு படிகளில் மக்களைச் சமாதானப்படுத்தும் வேலை மட்டும் நடக்கும், அது பங்கேற்பே இல்லை. நடுவில் மூன்று படிகள்: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, கொஞ்சம் விட்டுக்கொடுத்து மக்களின் வாயை அடைப்பது. மேலே மூன்று படிகளில்தான் அதிகாரம் கைமாறும்: கூட்டாக முடிவெடுப்பது, முடிவைக் குறிப்பிட்ட அளவுக்கு மக்களிடம் ஒப்படைப்பது, முழுசாக அவர்களே நடத்துவது.

மேல் படிக்கு வடதேசத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்தில், தங்கள் பேட்டையில் என்ன செய்யலாம் என்று மக்களே யோசனை சொல்லி, அவர்களே வாக்களித்து, வென்றதை நகராட்சி தன் செலவில் செய்துகொடுக்கும் முறை இருக்கிறது. பெஞ்சு, நடைபாதை, விளையாட்டிடம் மாதிரி சின்ன விஷயங்கள்தான். ஆனால் அந்தச் சின்ன விஷயத்தில் அதிகாரம் நிஜமாகவே மக்களிடம் இருக்கிறது. கிருனாவில் விஷயம் மிகப் பெரியது, மக்கள் நின்ற படி பெரும்பாலும் நடுப் படி. ஒரு ஊரையே மொத்தமாக ‘பங்கேற்பு உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. எந்த முடிவில் எந்தப் படி என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும்.

ஏணியை வைத்துப் பார்த்தால் இரண்டு பழைய குழப்பங்களும் தெளிகின்றன. பங்கேற்பு என்றால் வாக்கெடுப்பு என்று நினைப்பது ஒன்று. வாக்கெடுப்பு ஒரு கருவி, அவ்வளவுதான். எல்லோருக்கும் கேட்டது கிடைப்பதுதான் பங்கேற்பு என்று நினைப்பது இன்னொன்று. கேட்டது கிடைக்காமல் போகலாம். ஏன் கிடைக்கவில்லை என்ற பதில் கிடைத்தாக வேண்டும்.

ஊரில் குடியிராதவர்களின் ஊர்

கிருனா வெறும் நிலத்தில் முளைத்த ஊர் அல்ல. அது சாமி பழங்குடியினரின் நிலம். அவர்களின் மொழியில் ஊரின் பெயர் கீரோன், பனிப் பிரதேசத்துக் கௌதாரி வகைப் பறவை ஒன்றின் பெயர். இவர்களில் ஒரு பகுதியினர் ரெயின்டீர் எனப்படும் பனிமான்களை மேய்த்து வாழ்கிறார்கள். கப்னா, லேவாஸ் என்ற இரண்டு மேய்ச்சல் சமூகங்களின் நிலத்தில்தான் ஊரும் சுரங்கமும் இருக்கின்றன. மான்கள் கோடையில் மேற்கே மலைக்கும், குளிர்காலத்தில் பனியைக் கிளறி லைக்கன் எனப்படும் பாசி போன்ற உயிரியைத் தின்னக் கிழக்கே காட்டுக்கும் போகும். ஊர் நகர்ந்தால், புது ஊர் உட்காருகிற இடமும் யாரோ ஒருவரின் மேய்ச்சல் பாதைதான்.

2023 ஜனவரியில், பெர் கெயர் என்ற தாதுப் படிவில் அரிய மண் தனிமங்கள் ஏராளமாக இருப்பதாக எல்.கே.ஏ.பி. அறிவித்தது. மின்சார வாகனத்துக்கும் காற்றாலைக்கும் வேண்டிய உலோகங்கள் அவை, ‘பசுமை’ என்று நாம் சொல்கிற எதிர்காலத்தின் மூலப்பொருள். அந்தச் சுரங்கம் வந்தால் எங்கள் மான்கள் கடந்துபோக வழியே இருக்காது என்கிறார்கள் கப்னா மக்கள். நீடித்த என்ற சொல்லும் பங்கேற்பு என்ற சொல்லும் நேருக்கு நேர் மோதுகிற இடம் இது.

இவர்களிடம் கேட்பது, ஊர்க்காரரிடம் கேட்பதைப் போன்றது அல்ல. ஒரு தெருவில் குடியிருப்பவர் என்ற முறையில் கருத்துச் சொல்வது வேறு, ஒரு பழங்குடி இனம் என்ற முறையில் தன் நிலத்தைப் பற்றிப் பேசும் உரிமை வேறு. ஸ்வீடனில் சாமி மக்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்ற தனிச் சட்டம் 2022 மார்ச்சில்தான் அமலுக்கு வந்தது. நகராட்சிகளுக்கு அது பொருந்தியது 2024 மார்ச்சிலிருந்து. கிருனாவின் புது மையம் அதற்கு ஒன்றரை வருஷம் முன்பே திறந்தாகிவிட்டது.

நடைமுறையிலும் ஒரு சிக்கல் உண்டு. கன்று ஈனும் காலத்திலும் மந்தையைக் கூட்டிப் பிரிக்கும் காலத்திலும் மேய்ப்பவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். சுரங்கத் தொழிலாளிக்கு ஷிஃப்ட். ஜூலையில் ஸ்வீடன் முழுக்க விடுமுறை. அந்த மாதத்தில் 2 வாரத்துக்குத் திட்டத்தைப் பார்வைக்கு வைத்தால் சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டத்தின் தேதியைப் பார்த்தாலே, வரவேண்டும் என்று நினைத்துக் கூப்பிட்டார்களா, கூப்பிட்டோம் என்று சொல்வதற்காகக் கூப்பிட்டார்களா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மறுபடியும் ஒரு கடிதம்

தேவாலயம் புது இடத்தில் இறங்கிய அதே ஆகஸ்ட் மாதக் கடைசியில், எல்.கே.ஏ.பி. இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. விரிசல் முன்பு கணக்கிட்டதைவிட அதிகம் பரவுகிறது, இன்னும் சுமார் 6,000 பேர், ஏறத்தாழ 2,700 வீடுகள் இடம் மாற வேண்டியிருக்கும். தங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தவர்கள் இப்போது பட்டியலுக்குள் வந்திருக்கிறார்கள்.

2004 மாதிரி அல்லாமல், இந்த முறை ஊருக்கு அனுபவம் இருக்கிறது. தாழ்வான நிலத்தின் குளிர் எப்படி இருக்கும் என்று தெரியும். எந்தக் கட்டிடத்தை இழந்தால் மனசு ஆறாது என்று தெரியும். வாடகை எவ்வளவு ஏறும் என்றும் தெரியும். இந்த வீடுகள் எங்கே போகும், என்ன வாடகை, எந்தச் சரிவில், மான்கள் எந்த வழியாகக் கடக்கும் என்று தீர்மானிக்க இன்னும் பல விஷயங்கள் திறந்தே கிடக்கின்றன. கான்கிரீட் இன்னும் போடவில்லை.